குறிப்புக்கும் ஒரு முகவரி வேண்டும்!

கண்மணிகளே! இந்தக் கட்டுரையைப் படிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் ரஃப் நோட்டை எடுத்து, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

என்ன எழுதியிருக்கிறது? 'நாளைக்கு 20 ரூபாய் கொண்டு வரணும்' என்று இருக்கிறதா? எந்த நாளைக்கு? எதற்கு 20 ரூபாய்? யாரிடம் கொடுக்க வேண்டும்? கொடுத்தாகிவிட்டதா, இல்லையா?

முழிக்கிறீர்களா? எழுதிய அன்று உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதனால்தான் எழுதவில்லை. இன்று அந்த வரி முகவரி எழுதாத கடிதம் மாதிரி நிற்கிறது. உள்ளே விஷயம் இருக்கிறது. ஆனால் யாருக்கும் பயன் இல்லை.

சிரிக்காதீர்கள்! முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த நானும் இதே தப்பைச் செய்தவள்தான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளை மாத்திரை

சில வருடங்களுக்கு முன், ஒரு ராத்திரி என் மாமியாருக்குக் கடுமையான காய்ச்சல். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்காம்மா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. முன்பு ஒருமுறை ஏதோ ஒரு மாத்திரை சாப்பிட்டதும் அத்தைக்கு உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சுவிடவே கஷ்டப்பட்டார். "ஆமாம் டாக்டர், நோட்டுல எழுதியே வெச்சிருக்கேன்!" என்று பெருமையாகச் சொன்னேன். என் மகன் வீட்டுக்கு ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தான்.

புரட்டினேன், புரட்டினேன். பால் கணக்கு, ஊறுகாய்க்கு அளவு, ஒரு புள்ளிக் கோலம், தையல்காரரிடம் கொடுத்த அளவு... இவற்றுக்கு நடுவே ஒரு வரி கிடைத்தது.

'அத்தைக்கு இந்த வெள்ளை மாத்திரையை இனிமேல் கொடுக்கவே கூடாது.'

அதன் அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு!

பக்கத்தில் நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இங்கே இருக்கிற மாத்திரையில பாதி வெள்ளைதான்!" என்றார். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. மாத்திரையின் பெயர் இல்லை. நாள் இல்லை. யார் எழுதிக் கொடுத்தது என்பதும் இல்லை. 'இந்த' என்று எழுதியிருந்தேனே, எந்த?

அப்போது என் கணவருக்கு ஒரு யோசனை. எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு கம்பி தொங்கும். கடைச் சீட்டு, கரண்ட் சீட்டு எல்லாவற்றையும் அதில் குத்தி வைப்போம். அந்தக் கம்பியையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல வேளையாக, அது சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் நடந்தது என்பது மட்டும் எனக்கு நினைவில் இருந்தது. அந்த வாரத்து மருந்துக்கடைச் சீட்டைத் தேடி எடுத்தோம். அதில் நாள், நோயாளி பெயர், மருந்தின் பெயர், எத்தனை மாத்திரை, என்ன விலை எல்லாம் வரிசையாக இருந்தன.

டாக்டர் படித்தார். "நல்லதாப் போச்சு! இந்த வகை மருந்தைத்தான் இப்போ எழுதலாம்னு இருந்தேன்" என்றார். வேறு மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் அத்தை வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் என் காபியில் குற்றம் கண்டுபிடித்தார்!

பார்த்தீர்களா கண்மணிகளே? பிள்ளைகளிடம் 'அழகாக எழுது, திருத்தமாக எழுது' என்று சொல்லிச் சொல்லியே காலம் தள்ளிய டீச்சரின் குறிப்பு உதவவில்லை. மருந்துக்கடைத் தம்பி கிறுக்கிக் கொடுத்த சீட்டு உதவியது. காரணம், அந்தச் சீட்டில் கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டமும் ஒரு கேள்வி கேட்டது. என் நோட்டு என்னை எதுவும் கேட்கவில்லை.

தகவலைப் பற்றிய தகவல்

அந்தக் கட்டங்களில் இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு. கம்ப்யூட்டர் படித்தவர்கள் அதை 'மெட்டாடேட்டா' என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். தகவலைப் பற்றிய தகவல் என்பதுதான் அதன் பொருள்.

ஜூன் மாதம் புது நோட்டுக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டுகிறீர்கள் அல்லவா? பெயர், வகுப்பு, பிரிவு, பாடம். இதில் எதுவும் பாடம் அல்ல. பாடம் உள்ளே இருக்கிறது. ஆனால் நாற்பது நோட்டுகள் மேசைமேல் குவிந்து கிடக்கும்போது, உங்கள் நோட்டை உங்கள் கைக்கே திருப்பிக் கொண்டு வருவது அந்த லேபிள்தான். அதுதான் மெட்டாடேட்டா!

ரயில் டிக்கெட்டைப் பாருங்கள். வண்டி எண், நாள், பெட்டி, இருக்கை எண். செல்போனில் எடுத்த படத்தைப் பாருங்கள். படம் எடுத்த நாளும் நேரமும் அதோடு தானாகவே சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் 'போன வருடத் தீபாவளிப் படம் எங்கே?' என்று கேட்டால் போன் சட்டென்று எடுத்துக் காட்டுகிறது.

1995-ம் ஆண்டு, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டப்ளின் என்ற ஊரில் நூலகர்களும் கம்ப்யூட்டர் நிபுணர்களும் ஒன்றுகூடினார்கள். கம்ப்யூட்டரில் உள்ள எந்தப் பொருளையும் தேடி எடுக்க, அதைப் பற்றி என்னென்ன குறித்து வைக்க வேண்டும் என்று பேசினார்கள். அதிலிருந்து பிறந்த பட்டியலில் 15 கட்டங்கள் இருக்கின்றன. தலைப்பு, படைத்தவர், நாள், மொழி என்று போகும் அந்தப் பட்டியலுக்கு அந்த ஊரின் பெயரே வந்துவிட்டது: 'டப்ளின் கோர்'. அயர்லாந்தின் தலைநகரான டப்ளின் வேறு; குழப்பிக்கொள்ளாதீர்கள்!

கல்லிலே கட்டம் போட்டவர்கள்

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த புத்தி என்று நினைக்காதீர்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன்பே நம் ஊரில் இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது, கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்க்காமல், அடியில் உள்ள சுவரையும் பாருங்கள். வரி வரியாக எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகள். கோயிலுக்குக் கொடுத்த நகைகள், செப்புத் திருமேனிகள் எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. ஒரு திருமேனி என்றால் அது எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கை உடையது என்று இருக்கும். நகை என்றால் எவ்வளவு எடை என்று இருக்கும். அதுமட்டுமா? எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பதும் இருக்கும். அப்படி ஒரு கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர்!

இன்னொரு கல்வெட்டில், அந்தக் கோயிலில் ஆடல் பணி செய்த 400 பெண்களின் விவரம் உள்ளது. எந்தத் தெரு, தெருவில் எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், அவர் பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் ஒரே வரிசையில் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு. பங்கு சரியான ஆளுக்குப் போய்ச் சேர வேண்டாமா? அதற்குத்தான் இவ்வளவு விவரம். 'நிறையப் பெண்களுக்கு நிறைய நெல் கொடுத்தோம்' என்று மட்டும் வெட்டியிருந்தால், அன்றைக்கே சண்டை வந்திருக்கும்!

புதுச்சேரியில் ஒரு நாட்குறிப்பு

அடுத்து, ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் வாழ்ந்தவர். பிரெஞ்சு கவர்னர் துப்ளேயிடம் துபாஷியாக, அதாவது இரண்டு மொழி அறிந்த மொழிபெயர்ப்பாளராகவும் வணிக அதிகாரியாகவும் இருந்தார். 1736 முதல் 1761 வரை, ஏறக்குறைய 25 ஆண்டுகள், தமிழில் நாட்குறிப்பு எழுதினார்.

கப்பல் வந்தது, கப்பல் போனது, சரக்கு, சண்டை, கவர்னர் வீட்டுப் பேச்சு, ஊர் வம்பு என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் எதை எழுதினாலும், முதலில் வருஷம், மாதம், தேதி, கிழமை எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். 1761 ஜனவரியில் அவர் காலமானார். அதே மாதத்தில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

பல ஆண்டுகள் கழித்து அந்த நாட்குறிப்பு வெளியே தெரிய வந்தது. ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக மொழிபெயர்த்து, 1904 முதல் 1928 வரை சென்னையில் வெளியிட்டார்கள். இன்றும் வரலாறு படிப்பவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். அவர் அன்றாடம் தேதி போடாமல் இருந்திருந்தால்? 'இன்று ஒரு கப்பல் வந்தது' என்பதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்?

சீர்காழிக்காரர் கேட்ட ஐந்து கேள்விகள்

மூன்றாவதாக, எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலகப் படிப்புக்காக லண்டன் போனபோது, அங்கே ஒரு கடையில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். ஓட்டை போட்ட உலோகப் பட்டைகள், திருகாணிகள், சக்கரங்கள். அதே சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டி வரும், பாலம் வரும், பளுதூக்கி வரும்!

'அட, புத்தகங்களையும் இப்படிப் பிரித்துப் பூட்டலாமே!' என்று அவருக்குத் தோன்றியது. 1933-ல் 'கோலன் பகுப்பு முறை' என்ற நூலை வெளியிட்டார். கோலன் என்றால் முக்காற்புள்ளி. துண்டுகளைப் பூட்டும் திருகாணியாக அந்தப் புள்ளிகளைப் பயன்படுத்தினார்! பின்னர் அந்த முறையை மேலும் வளர்த்து, எந்த விஷயத்தையும் ஐந்து கோணங்களில் பிரிக்கலாம் என்று காட்டினார். அவற்றை நம் மொழியில் எளிதாக ஐந்து கேள்விகளாகச் சொல்லலாம்.

எதைப் பற்றி? அதில் எந்தப் பொருள் அல்லது தன்மை? என்ன செயல்? எங்கே? எப்போது?

உதாரணமாக, 'தஞ்சை மாவட்டத்தில் 1960-ம் ஆண்டு நெற்பயிரின் நோயைத் தடுத்தது' என்று ஒரு புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எதைப் பற்றி? நெல். என்ன செயல்? நோய் தடுத்தல். எங்கே? தஞ்சை. எப்போது? 1960. இனி நெல்லைத் தேடி வந்தவருக்கும் கிடைக்கும். தஞ்சையைத் தேடி வந்தவருக்கும் கிடைக்கும். எல்லாக் கேள்விக்கும் எல்லாப் புத்தகமும் பதில் சொல்லாது. இருப்பதைக் குறித்தால் போதும். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த விதிகளில் ஒன்று. உங்கள் நோட்டுக்கு வாசகர் யார்? நீங்கள்தான்! உங்கள் நேரத்தை நீங்களே வீணாக்கலாமா?

இழுப்புக்குக் கிழமை தெரியுமா?

சரி, பெரியவர்கள் கதை போதும். உங்கள் வயதுப் பிள்ளை ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

நான் ஏழாம் வகுப்பு எடுத்தபோது ஒரு மாணவிக்கு அடிக்கடி இழுப்பு வரும். மறுநாள் பள்ளிக்கு வர மாட்டாள். லீவு லெட்டரில் எப்போதும் 'உடல்நிலை சரியில்லை' என்றே இருக்கும். தீபாவளி லீவு முடிந்து வந்ததும், அவளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போடச் சொன்னேன். தேதி, கிழமை, நேரம், இடம், என்ன மருந்து எடுத்தாய். ஐந்தே கட்டங்கள். இழுப்பு வந்தால் ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

பொங்கலுக்குள் ஒன்பது வரி சேர்ந்திருந்தது. பொங்கல் லீவு முடிந்து வந்தவள் நோட்டோடு என் மேசைக்கு வந்தாள். கண்ணை அகல விரித்து, "டீச்சர், இழுப்புக்குக் கிழமை தெரியுமா?" என்று கேட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். ஒன்பதில் ஏழு, செவ்வாய் அல்லது வெள்ளி ராத்திரி! எட்டாவது, போகிக்காகப் பரண் சுத்தம் செய்த அன்று. ஒன்பதாவதற்குக் காரணம் தெரியவில்லை.

செவ்வாய், வெள்ளியில் அப்படி என்ன நடக்கிறது? நான் சட்டென்று ஒரு பதிலைச் சொல்லவில்லை. இன்னொரு கட்டம் சேர்க்கச் சொன்னேன்: 'அன்று வீட்டில் என்ன நடந்தது?' இழுப்பு வராத நாளிலும் ஒரு வரி எழுதச் சொன்னேன். ஏன் தெரியுமா? வந்த நாளை மட்டும் பார்த்தால் பாதி உண்மைதான் தெரியும். வராத நாளும் சேர்ந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ஒரு மாதத்தில் விடை கிடைத்தது. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் பாட்டி வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவார். பாட்டி ஊருக்குப் போயிருந்த வாரத்தில் சாம்பிராணி இல்லை; இழுப்பும் இல்லை.

அவளுடைய அப்பா அந்த நோட்டை டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டினார். எந்தப் புகையும் இழுப்பைத் தூண்டிவிடலாம் என்று டாக்டர் விளக்கினார். பாட்டி என்ன சொன்னார் தெரியுமா? "சாமிக்கு விளக்கு போதும். புள்ளைக்கு மூச்சு வேணும்." அன்றோடு சாம்பிராணித் தட்டு பரணுக்குப் போய்விட்டது.

இழுப்பு அடியோடு நின்றுவிடவில்லை. டாக்டர் கொடுத்த மருந்தை அவள் தொடர்ந்து எடுத்துக்கொண்டாள். ஆனால் வருவது குறைந்தது. அந்த ஆண்டு முழுப்பரீட்சைக்கு ஒரு நாள்கூட விடாமல் வந்தாள். ஒன்றை மறக்காதீர்கள். நோட்டு வைத்தியம் செய்யாது. டாக்டரிடம் சரியாகச் சொல்ல உதவும். நாமாகவே காரணம் முடிவுசெய்து மருந்தை நிறுத்தக் கூடாது.

அந்த மூன்று மாதமும் அவள் பக்கம் பக்கமாக எழுதவில்லை. நாளுக்கு ஒரு வரி. கிழமை என்ற ஒரு கட்டம் இல்லாவிட்டால், அந்த ஏழு வரிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டிருக்காது.

ஆறு சின்ன விதிகள்

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு ஸ்கேல் போதும். இந்த ஆறு விதிகளை மட்டும் நினைவில் வையுங்கள்.

1. முதலில் கட்டம், பிறகு விஷயம். ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே தேதி, இடம், யார், வகை என்ற நான்கையும் நிரப்பிவிட்டு எழுதத் தொடங்குங்கள். வகை என்றால் படிப்பு, உடல்நலம், பணம், விளையாட்டு, இரவல் போன்றவை. ஆசையில் பதினைந்து கட்டம் போடாதீர்கள். நான்காம் நாள் கை வலித்து நோட்டை மூடிவிடுவீர்கள்!

2. ஒரு பொருளுக்கு ஒரே பெயர். ஒருநாள் 'பாட்டி ஊர்', இன்னொரு நாள் 'அம்மா ஊர்', மற்றொரு நாள் 'தேனி' என்று எழுதினால், மூன்றும் ஒன்று என்று தேடும்போது தெரியாது. ஒரு பெயரை முடிவுசெய்யுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் பெயர்ப் பட்டியலை எழுதி வையுங்கள்.

3. தேதியை முழுதாக எழுதுங்கள். 5/6 என்றால் நமக்கு ஜூன் 5. அமெரிக்காவில் மே 6! இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் 1988-ல் உலகத் தர அமைப்பு ஒரு முறையை வெளியிட்டது. முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள். 2025-06-05 என்பது போல. கம்ப்யூட்டரில் கோப்புக்கு இப்படிப் பெயர் வைத்தால், அவை தாமாகவே நாள் வரிசையில் நிற்கும். செய்து பாருங்கள், மந்திரம் போல இருக்கும்!

4. எண்ணை எழுதினால் அலகையும் எழுதுங்கள். '12' என்றால் 12 என்ன? சென்டிமீட்டரா, அங்குலமா, ரூபாயா? இது சின்ன விஷயம் இல்லை. 1999 செப்டம்பரில் நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்ற விண்கலம் செவ்வாய்க் கிரகத்தை அடைந்தபோது அழிந்துபோனது. ஒரு குழு உந்துவிசையைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்தது. மற்றொரு குழு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. எண் இருந்தது, அலகு கைமாறவில்லை. எடைக்கல்லின் பெயரைக்கூடக் கல்லில் வெட்டிவைத்த தஞ்சைக் கணக்கரை இப்போது நினைத்துப் பாருங்கள்!

5. பக்க எண் போடுங்கள். கடைசி இரண்டு பக்கங்களை அகராதி மாதிரி விட்டுவையுங்கள். 'இரவல்: பக்கம் 4, 9, 17' என்று வகை வாரியாகக் குறித்து வந்தால் தேடுவது நொடி வேலை.

6. ஞாயிற்றுக்கிழமை திருப்பிப் பாருங்கள். எழுதினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை படிக்க வேண்டும். கேள்வி கேட்டுப் படியுங்கள். 'இந்த வாரம் எத்தனை நாள் விளையாடினேன்? எந்தப் பாடத்தில் வீட்டுப்பாடம் விட்டுப்போனது? என் புத்தகத்தை இரவல் வாங்கியவர் யார்?'

இதோ ஒரு மாதிரி. முன்பு நீங்கள் எழுதியது: 'விஞ்ஞானப் புத்தகம் கொடுத்தேன். சீக்கிரம் வாங்கணும்.'

இனி எழுத வேண்டியது: 'தேதி: 2025-07-14, திங்கள். இடம்: பள்ளி. யார்: பக்கத்து வீட்டு அண்ணன். வகை: இரவல். விஷயம்: விஞ்ஞானப் புத்தகம், ஏழாம் வகுப்பு, முதல் பருவம். திரும்பி வர வேண்டியது: 2025-07-18. வந்ததா: ____'

கடைசிக் கட்டத்தைப் பார்த்தீர்களா? அது காலியாக இருக்கும்வரை, ஒவ்வொரு ஞாயிறும் உங்களைப் பார்த்து அது கேட்டுக்கொண்டே இருக்கும்!

வீட்டுக்கு ஓர் அட்டை

உங்களுக்கு ஒரு முக்கியமான வேலை தருகிறேன். இந்த வாரமே அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியோடு உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, ரத்த வகை, தினமும் சாப்பிடும் மருந்தின் பெயரும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர், பார்க்கும் டாக்டர், எழுதிய தேதி. தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். கட்டத்தைக் காலியாக விடுங்கள். மருந்தின் பெயரை உறையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதி, பெரியவர்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருந்து மாறினால் அட்டையையும் மாற்றுங்கள். எங்கள் வீட்டில் இப்போது பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. 'வெள்ளை மாத்திரை' என்ற சொல் அதில் இல்லை!

பறவை பார்க்க ஆசை உள்ளவர்களுக்கு இன்னொரு வேலை. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பறவைகளைப் பார்த்து, தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எந்த இடம், எந்தப் பறவை, எத்தனை என்று குறிக்க வேண்டும். 'நிறையக் காக்கா பார்த்தேன்' என்றால் அது உங்களுக்கு மட்டும் சந்தோஷம். கட்டத்தோடு எழுதினால், பறவைகளை ஆராய்கிறவர்களுக்கும் பயன்படும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பாஸ்வேர்ட், பிறர் நம்பிச் சொன்ன ரகசியம் ஆகியவற்றை இந்த நோட்டில் எழுதாதீர்கள். செல்போனில் இடம் பதியும் வசதி திறந்திருந்தால், படத்தோடு உங்கள் வீடு இருக்கும் இடமும் ஒட்டிக்கொண்டு போகலாம். தெரியாதவர்களுக்குப் படம் அனுப்பாதீர்கள். லேபிள் நமக்கு உதவுவது போலவே மற்றவர்களுக்கும் விஷயம் சொல்லிவிடும்!

கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்!

கீழே உள்ள மூன்று குறிப்புகளில் விட்டுப்போனது என்ன?

அ. 'செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். உயரம் 12.'

ஆ. '03/04 அன்று பல் டாக்டர்.'

இ. '2025-06-14, சனி. 50 ரூபாய் கொடுத்தேன்.'

விடைகள்: அ. எந்தச் செடி, என்ன தேதி, 12 என்ன அலகு. ஆ. ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? ஆண்டு, நேரம், யாருக்குப் பல்வலி என்பதும் இல்லை. இ. தேதி சரி, யாருக்கு, எதற்கு என்பது இல்லை. மூன்றையும் சரியாகச் சொன்னவர்கள், உங்கள் முதுகில் நீங்களே ஒருமுறை தட்டிக்கொள்ளுங்கள்!

கண்மணிகளே, இன்று எழுதும் நீங்களும் ஒரு வருடம் கழித்துப் படிக்கப்போகும் நீங்களும் ஒருவர் இல்லை. அந்த நாளைய உங்களுக்கு இன்றைய விஷயம் எதுவும் ஞாபகம் இருக்காது. அவருக்கு நீங்கள் எழுதும் கடிதம்தான் ஒவ்வொரு குறிப்பும். கடிதம் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் முகவரி எழுத வேண்டாமா?

எங்கே, அந்த ரஃப் நோட்டை எடுங்கள். 'நாளைக்கு 20 ரூபாய்' என்ற வரிக்குப் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, 'விசாரிக்க வேண்டும்' என்று எழுதுங்கள். எழுதிவிட்டீர்களா? சபாஷ்! ஆரம்பித்துவிட்டீர்கள்!